கம்பியில் கோத்த காசு

காலை எட்டேகாலுக்கு நான் முதலில் கண்டது வால். சாய்ந்த கருங்கல் தூணுக்குப் பின்னால், புல்லுக்கு மேலே ஒரு முழ நீளத்துக்கு எழும்பி நின்றது. நுனி மட்டும் மெல்ல அசைந்தது. எனக்கு முன்னால் போன இத்தாலியப் பெண்மணி அதைக் கொடி என்று நினைத்திருக்க வேண்டும். கையை நீட்டி விலக்கப் போனார். வழிகாட்டி அவருடைய முதுகுப்பையின் வாரைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். இழுத்த வேகத்தில் அந்த அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகுதான் உறுமல் கேட்டது.

நாங்கள் நான்கு பேர். வழிகாட்டி, இத்தாலியிலிருந்து வந்த கணவனும் மனைவியும், கடைசியாக நான். இடம், பசறையிலிருந்து மொனராகலைக்கு இறங்கும் வீதியில் ஒரு தேயிலைத் தோட்டம். தோட்டத்தின் பெயரை எழுதவில்லை. யாருடைய பெயரையும் எழுதவில்லை. நடந்ததை எழுதலாமா என்று வழிகாட்டியிடம் பிற்பாடு கேட்டேன். "எழுதுங்க சார். பேரு மட்டும் போட்டுறாதீங்க. போட்டீங்கன்னா நான் இன்னொரு தடவ உள்ள போக வேண்டி வரும், ஒங்கள அடிச்சதுக்கு" என்றார்.

எனக்கு ஊர் பதுளை. கடைவீதியில் எங்கள் குடும்பத்துக்குப் பாத்திரக் கடை. கொழும்பில் பத்திரிகை வேலை பார்த்து ஓய்வு பெற்றபின் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறேன். வழிகாட்டியும் அந்தக் கடை மூலம்தான் பழக்கம். விருந்தாளிகளுக்குச் சாப்பாடு கட்ட அடுக்குச் சட்டி வாங்க வந்தவர், போகும்போது என்னையும் நடக்கக் கூப்பிட்டார். "பின்னால ஒரு ஆளு வேணும் சார். முன்னால நான் பேசிக்கிட்டே போவேன். எவனாவது தொலஞ்சிட்டா சொல்லுறதுக்கு ஆளு இல்ல" என்பது அவர் சொன்ன காரணம். இரண்டு வருடங்களாக அவருடைய நடைகளில் கடைசி ஆளாகப் போய்க்கொண்டிருந்தேன்.

அவர் அந்தத் தோட்டத்திலேயே பிறந்தவர். நாற்பதைத் தாண்டிய மனிதர். கழுத்தில் எப்போதும் தொலைநோக்கி. ஒரு ஜெர்மன்காரர் விட்டுப்போனது. அதைப் பேருந்தில் போகும்போதும் கழற்ற மாட்டார். தோட்டத்துத் துரை பங்களா இப்போது விடுதி. அங்கே தங்க வருகிறவர்களை அவர் காலையில் கீழே அழைத்துப் போவார். முதலில் தேயிலை, பிறகு பழைய றப்பர், அதற்கும் கீழே மலை முடிந்து வெப்பம் தொடங்கும் இடத்தில் ஒரு சமதரை. அங்கே கருங்கல் தூண்கள் சில நிற்கின்றன, பல விழுந்து கிடக்கின்றன. ஒரு செங்கல் மேடு இருக்கிறது. அதன் மேல் மரம் வளர்ந்து, வேர் செங்கற்களைப் பிளந்திருக்கிறது. மேட்டுக்குப் பின்னால் ஒரு பாறைக் குகை. மழைநீர் உள்ளே வடியாதபடி அதன் நெற்றியில் யாரோ ஒரு காலத்தில் காடி வெட்டியிருக்கிறார்கள். யார் கட்டியது, எப்போது விட்டுப்போனது என்று எழுதிவைத்த பலகை எதுவும் அங்கே இல்லை.

வழியெல்லாம் அவர் காட்டுவது பறவைகளை. செண்பகம், குக்குறுவான், மலை மைனா. சில வருடங்களாக மயிலும் சேர்ந்திருக்கிறது. முன்பு மொனராகலைப் பக்கத்து வெயிலில் மட்டும் இருந்த மயில் இப்போது மலை ஏறி வருகிறது. "கீழ தண்ணி இல்ல, மேல வாறாரு. வந்து தேயில பிடுங்கட்டும், ஆளு பத்தல" என்பார். விருந்தாளிகள் சிரிப்பார்கள். அந்தக் காலையிலும் சிரித்தார்கள்.

இத்தாலியர்கள் வந்தது மயிலுக்காக அல்ல, காசுக்காக. விடுதியின் அறிவிப்பில் 'ரோமானியக் காசு கிடைத்த இடம்' என்று ஒரு வரி உண்டு. அது உண்மைதான். வழிகாட்டி சின்னப் பையனாக இருந்தபோது கீழ் லயத்தில், அதாவது தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளில், கழிப்பறைக் குழி வெட்டினார்கள். இடுப்பளவு ஆழத்தில் ஒரு மண்சட்டி உடைந்தது. உள்ளே பச்சை பிடித்த சிறிய செம்புக் காசுகள். ஒரு பக்கத்தில் தேய்ந்த ஒரு தலை. ஒரு பகுதி அரசாங்கத்துக்குப் போனது. ஒரு பகுதி எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. மிச்சத்தை லயத்துப் பிள்ளைகள் வைத்து விளையாடினார்கள். வழிகாட்டியின் தகப்பன் அவற்றைச் சேகரித்து, நடுவில் துளை போட்டு, கூரைத் தகரத்துக்கு ஆணி அடிக்கும்போது ஆணித் தலைக்குக் கீழே வைத்தார். மற்றவர்கள் அதற்குச் சோடா மூடியைத் தட்டி வைப்பார்கள்.

"ரோமாபுரி ராசாவோட தலையில ஆணிய அடிச்சுத்தான் எங்க கூர நின்னுச்சு" என்று அவர் ஆங்கிலத்தில் சொல்வார். றப்பர் மரங்களுக்கிடையில் வைத்து அன்றும் சொன்னார். கைபேசியில் ஒரு காசின் படத்தைக் காட்டினார். இத்தாலியரின் மனைவி பள்ளிக்கூடத்தில் லத்தீன் படிப்பித்தவர். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, எழுத்தெல்லாம் தேய்ந்துவிட்டது, எந்த மன்னன் என்று சொல்ல முடியாது என்றார். "ஒழுகாத மன்னன், அது போதும்" என்றார் வழிகாட்டி.

அவர் விருந்தாளிகளிடம் சொல்லாத ஒன்று உண்டு. கூரைக்குப் புதுத் தகரம் வந்தபோது, கழற்றிய காசுகளை அவருடைய அக்கா ஒரு பால்மா டின்னில் போட்டு வைத்திருந்தார். அந்த வீட்டில் இப்போது அக்காவின் குடும்பம் இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. அது கம்பி.

சமதரையைச் சுற்றி லயத்தார் மரவள்ளியும் சோளமும் போடுகிறார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு துண்டு. பன்றி வந்தால் ஒரே இரவில் துண்டு முழுவதும் போய்விடும். அதனால் மோட்டார் சைக்கிளின் பழைய பிரேக் கம்பியில் சுருக்குப் போட்டு, பன்றி வரும் தடத்தில் வைக்கிறார்கள். அது குற்றம் என்று எல்லோருக்கும் தெரியும். விருந்தாளி எவராவது கம்பியில் கால் வைத்தால் விடுதிக்கும் வழிகாட்டிக்கும் பிழைப்புப் போய்விடும் என்பதும் தெரியும். எனவே ஓர் ஏற்பாடு இருந்தது. நடைக்கு முந்திய மாலை வழிகாட்டி கீழ் லயத்தின் முன்னால் சத்தம் போட்டுக்கொண்டே நடப்பார்: "நாளைக்கு ஆளு வருது! நாளைக்கு ஆளு வருது!" துண்டு வைத்திருப்பவர்கள் இருட்டுவதற்கு முன் போய்க் கம்பியை எடுத்துவிடுவார்கள். நடை முடிந்த மாலை மறுபடியும் வைப்பார்கள். யாரும் இதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை. நான் பார்த்த வரையில் ஒரு தடவையும் தவறியதில்லை.

மற்றத் துண்டுகளிலிருந்து தள்ளி, தூண்கள் இருக்கும் ஓரத்தில் உள்ள துண்டு வழிகாட்டியின் தகப்பனுடையது. அதில் பயிர் செய்தவர் அக்கா. அத்தான் மொனராகலைப் பக்கம் கரும்பு வெட்டப் போய் மாதத்துக்கு ஒரு தடவை வருவார். அக்கா பகலில் கொழுந்து பறிப்பார். வீட்டில் இரண்டு பெண்பிள்ளைகள். கம்பி வைப்பதும் எடுப்பதும் அவர் வேலைதான்.

அக்காவும் தம்பியும் அப்போது ஒரு வருடத்துக்கு மேலாகப் பேசிக்கொள்ளாமல் இருந்தார்கள். மூத்த பெண் பெரியவளானபோது, சடங்கில் தாய்மாமன் பச்சை ஓலையால் குச்சுக் கட்ட வேண்டும். அன்று காலை அவருக்கு ஆறு பிரெஞ்சுக்காரர்கள் இருந்தார்கள். முடித்துவிட்டு வந்து சேர்ந்தபோது அத்தானின் ஒன்றுவிட்ட தம்பி குச்சுக் கட்டி முடித்துவிட்டார். அதுதான் காரணம். வேறு எதுவும் இல்லை.

ஆனால் கம்பி விஷயத்தைச் சொல்லாமல் இருக்க முடியாதே. அதற்கு அவர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். இந்த நடைக்குச் சில வாரங்களுக்கு முன்னால் ஒரு மாலையில் நான் அதை நேரில் பார்த்தேன். அக்கா வாசல்படியில் முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தார். படிக்குக் கீழே ஒரு செம்மண் நிற நாய். வழிகாட்டி வந்து நின்று நாயைப் பார்த்துப் பேசினார்.

"ஏய். கேட்டுக்க. நாளைக்கு ஆளு வருது. ஒங்க வீட்டம்மாகிட்ட சொல்லு, கம்பிய எடுத்துரச் சொல்லி."

அக்கா கீரையை விட்டுத் தலையை நிமிர்த்தவில்லை. அவரும் நாயிடம்தான் பேசினார்.

"போயி சொல்லு அந்த ஆளுகிட்ட. அதெல்லாம் எடுக்குறாங்கன்னு. சடங்குக்கு நேரம் இல்லாத மனுசனுக்குக் கம்பிக்கு மட்டும் எப்புடி நேரம் வருதுன்னு கேட்டுட்டு வா."

"சாயங்காலம் வந்தேன்னு சொல்லு."

"வந்தாரு, வந்தாரு. கறி தீரும் முந்தி வந்துட்டாரு. எலும்ப ஒனக்குத்தானே போட்டாரு, நீயே சாச்சி."

நாய் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் காதைச் சொறிந்தது. அடுத்த வீட்டிலிருந்து ஒரு கிழவர் குரல் கொடுத்தார்: "ரெண்டு பேருமா சேந்து அந்த நாய்க்கு ஒரு சம்பளம் போட்டுக் குடுங்க. நாள் முழுக்க வேல பாக்குது." திரும்பி வரும்போது வழிகாட்டி முன்னால் நடந்தார். கொஞ்ச தூரம் வந்தபின் தானாகச் சிரித்தார்.

இத்தாலியர்களின் நடை ஞாயிற்றுக்கிழமைக்கு ஏற்பாடாகியிருந்தது. லயத்துக்கும் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். தெமோதரையிலிருந்து அவர்கள் போக வேண்டிய ரயிலுக்கு ஞாயிறுதான் இடம் கிடைத்தது. வெள்ளி மாலையில் விடுதியிலிருந்து சொல்லி நடையைச் சனிக்கு மாற்றினார்கள். வழிகாட்டி உடனே கீழே இறங்கி ஓடினார். நாள் மாறியதால் வழக்கம்போல் சத்தம் போடாமல், வாசல் வாசலாக நின்று சொல்லிக்கொண்டு லயத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை நடந்தார். அக்காவின் வாசலில் நாய் படுத்திருந்தது. கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே தொலைக்காட்சி ஓடியது. அவர் நாயிடம் சொன்னார், "இல்ல, ஞாயிறு இல்ல, நாளைக்கே வருது" என்று இரண்டு தடவை. பிறகு போய்விட்டார். இதை அவர் சனிக்கிழமை காலையில், சிறுத்தைக்கு முன்னால் நின்றபடி, எனக்கு மெதுவான குரலில் சொன்னார்.

சிறுத்தை பெண். முழு வளர்ச்சி. சுருக்கு அதன் இடுப்பில் விழுந்திருந்தது. கம்பியின் மறுமுனை ஒரு கொய்யா மரத்தின் அடியில். கம்பி எட்டிய தூரம் வரை மண் வட்டமாக உழப்பட்டுக் கிடந்தது. புல் ஒன்றும் மிச்சமில்லை. கொய்யா மரத்தின் பட்டை ஆளுயரத்துக்கு உரிந்திருந்தது. கம்பியைக் கடித்ததில் ஒரு கோரைப்பல் உடைந்து, வாயோரம் இரத்தம் காய்ந்திருந்தது. கம்பி தோலுக்குள் போய்விட்டதால் இடுப்புக்குப் பின்னால் உடம்பு வேறொரு மிருகத்துடையதைப் போல வீங்கியிருந்தது. எழும்பப் பார்த்தது. முன்கால்கள் எழும்பின. பின்கால்கள் எழும்பவில்லை.

கணவர் கைபேசியை எடுத்து விடுதிக்குப் பேசிவிட்டார். விடுதி வனவிலங்கு அலுவலகத்துக்குச் சொல்லிவிட்டது. யாரும் யாரையும் கேட்கவில்லை. கேட்க நேரமும் இல்லை. மனைவி எழுந்து, காமிராவின் லென்ஸை முன்னால் நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். சிறிது நேரம் கழித்து என்னைக் கூப்பிட்டு அதில் காட்டினார்.

சுருக்கின் கண்ணில் ஒரு சிறிய வட்டத் தகடு கோத்திருந்தது. சட்டைப் பொத்தானைப் போல இரண்டு துளைகள். ஒன்றில் பிரேக் கம்பியின் முனைக் குமிழ் சிக்கி நின்றது. மற்றதன் வழியாகக் கம்பி ஓடியது. இழுத்தால் இறுகும். தளராது. நடுவில் இருந்தது பழைய ஆணித் துளை. ஓரத்தில் இருந்தது புதிது, விளிம்பு செம்பாக மின்னியது. இரண்டு துளைகளுக்கும் இடையில் ஒரு காதும் தாடையும் தெரிந்தன.

மனைவி வழிகாட்டியிடம் திரும்பி, "இது உங்கள் கூரைக் காசா?" என்று கேட்டார்.

"இங்க எங்க பாத்தாலும் கெடக்கும் மேடம்" என்றார் வழிகாட்டி. குரலில் மாற்றம் இல்லை. ஆனால் தொலைநோக்கியைக் கழுத்திலிருந்து கழற்றி என்னிடம் தந்துவிட்டு, ஒரு நீண்ட குச்சியை ஒடித்துக்கொண்டு சிறுத்தையை நெருங்கினார். குச்சி நுனியால் காசை நெம்பிவிட முடியும் என்று நினைத்தார் போலும். இரண்டு அடி வைத்தார். சிறுத்தை முன்கால்களாலேயே பாய்ந்தது. கம்பி விண்ணென்று தெறித்தது. அவர் பின்னால் விழுந்தார். மறுபடி முயன்றார். மூன்றாம் தடவை கணவர் அவரைப் பிடித்து நிறுத்தி, மிருகத்தைத் துன்புறுத்தாதீர்கள் என்று கோபமாகச் சொன்னார். வழிகாட்டி குச்சியைக் கீழே போட்டார்.

"டின்னு எங்க வீட்டுல மட்டுந்தான் இருக்கு சார். லயத்துல எல்லாருக்கும் தெரியும்" என்று தமிழில் சொன்னார். "துண்டும் அக்காவோடது. தோட்டத்துக் காவக்காரன் வந்தான்னா மொதக் கேள்வியிலேயே சொல்லிருவான். அவனுக்கு எங்க வீட்டுமேல ஏற்கெனவே ஒரு கண்ணு. ரெண்டு புள்ளைங்க. அத்தான் கரும்புக்குள்ள எங்க நிக்கிறாரோ."

அதற்குள் செய்தி லயத்துக்குப் போய்விட்டது. ஆட்கள் தேயிலைக்குள்ளிருந்தும் வீடுகளிலிருந்தும் வந்து மேட்டின் மேல் கூடினார்கள். பெண்கள் கொழுந்துக் கூடையோடு வந்தார்கள். முதலில் சத்தமாகப் பேசினார்கள். யாரோ கம்பியைச் சுட்டிக் காட்டியபின் பேச்சு நின்றது.

அக்கா கடைசியாக வந்தார். கொழுந்து பறிக்க இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கு நனைந்திருந்தது. நாய் பின்னால் வந்தது. அவர் சிறுத்தையைப் பார்த்தார். கொய்யா மரத்தைப் பார்த்தார். பிறகு தம்பியிடம் நேராக வந்து முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"நாளைக்குன்னுதானே சொன்னாங்க. ஞாயித்துக்கெழமன்னுதானே."

"மாத்திட்டாங்கக்கா. நேத்து வந்து சொன்னேன்."

"யாருகிட்ட சொன்ன?"

அவர் கீழே போட்ட குச்சியைக் குனிந்து எடுத்தார்.

"நான் பீலியில தண்ணி புடிக்க நின்னேன். புள்ளைங்க ரெண்டும் கோயில்ல. வீட்டுல ஒரு ஈ காக்கா இல்ல. தம்பி, யாருகிட்ட சொன்ன நீ?"

"டிவி ஓடுச்சு. உள்ள இருக்கேன்னு நெனச்சேன்."

அக்கா நாயைப் பார்த்தார். அது கொஞ்சம் தள்ளி நின்று சிறுத்தையைப் பார்த்து நடுங்கிக்கொண்டிருந்தது.

"இது வந்து சொல்லுமா எனக்கு?" என்றார். "வாயத் தொறந்து என்னையக் கூப்புட்டிருக்கக் கூடாதா? அக்கான்னு ஒரு சத்தம் போட்டிருந்தா பீலி வரைக்கும் கேட்டிருக்குமே."

ஒரு வருடத்துக்குப் பிறகு அவர்கள் நேராகப் பேசிய பேச்சு அதுதான். பக்கத்தில் நின்ற பெண்கள் வேறு திசையில் பார்த்தார்கள்.

பத்தரை மணியளவில் அலுவலர்கள் மூன்று பேர் வந்தார்கள். மூத்தவர் ஐம்பது வயதுச் சிங்களவர். பொறுமையான மனிதர். முதலில் எல்லோரையும் தூரத்துக்கு அனுப்பினார். சத்தம் போடக்கூடாது, நிழல் விழக்கூடாது என்றார். மயக்க ஊசி போடும் மருத்துவர் வேறொரு மாவட்டத்திலிருந்து புறப்பட்டுவிட்டார், மதியம் தாண்டும் என்றார். ஒரு சாக்கை நனைத்துக் குச்சியால் சிறுத்தையின் மேல் போட்டார்கள். அது உதறவில்லை. மனைவி குகைக்குள் போய் உட்கார்ந்து அழுதார். கணவர் அவருக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார்.

பிறகு மூத்தவர் எங்களிடம் வந்து, இந்தத் துண்டு யாருடையது என்று சிங்களத்தில் கேட்டார். பொதுவாக, யாரையும் குறிப்பிட்டுப் பார்க்காமல் கேட்டார். மேட்டில் நாற்பது ஐம்பது பேர் இருந்திருப்பார்கள். கீழ் லயம் முழுவதும் அங்கேதான் நின்றது. ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. என்னையும் கேட்டார். நான் பதுளையிலிருந்து வந்தவன், தெரியாது என்றேன். றப்பர் மரங்களுக்கிடையில் தோட்டத்துக் காவல்காரர் இறங்கி வருவது தெரிந்தது. கையில் தடி. வேகமாக வந்துகொண்டிருந்தார்.

அக்கா ஓரடி முன்னால் வைத்தார்.

"மகே" என்றார் வழிகாட்டி. என்னுடையது.

அலுவலர் திரும்பிப் பார்த்தார். நீதானே இவர்களை அழைத்து வந்தவன் என்று கேட்டார். ஆமாம் என்றார். நீயே கம்பி வைத்த இடத்துக்கு நீயே ஆள் கூட்டி வந்தாயா என்று கேட்டார். எடுக்க மறந்துவிட்டேன் என்றார். அலுவலர் குறிப்புப் புத்தகத்தை எடுத்தார். நம்பினாரா என்று எனக்குத் தெரியாது. காசைப் பற்றிக் கேட்டபோது, அதுவும் தன்னுடையது, விருந்தாளிகளுக்குக் காட்ட வைத்திருந்தது என்றார். அது வேறொரு சட்டத்தில் வேறொரு குற்றம் என்று அலுவலர் சொன்னார். தெரியும் என்றார்.

"தம்பி..." என்று அக்கா தொடங்கினார்.

வழிகாட்டி அவரைப் பார்க்கவில்லை. நாயைப் பார்த்தார். எல்லோருக்கும் கேட்கும்படி, சாதாரணக் குரலில் சொன்னார்:

"ஏய். ஒங்க வீட்டம்மாவ வீட்டுக்குப் போகச் சொல்லு. அடுப்புல என்னமோ கருகுது."

அக்கா நின்றார். அடுத்த வீட்டுக் கிழவர், அன்று நாய்க்குச் சம்பளம் கேட்டவர், அவருடைய முழங்கையைத் தொட்டு, "வாம்மா. கருகுதாம்ல" என்றார். அவர் திரும்பி நடந்தார். நாய் தொடர்ந்து போனது. வழியில் காவல்காரர் எதிரே வந்தார். இருவரும் ஒருவரையொருவர் கடந்தார்கள். காவல்காரர் சமதரைக்கு வந்து சேர்ந்தபோது அலுவலர் எழுதத் தொடங்கியிருந்தார். இது இன்னாருடைய துண்டு என்று காவல்காரரும் சொன்னார். ஆனால் அவர் சொன்னது தகப்பன் பெயரை. அந்தப் பெயருக்கு மகனும் உரியவன்தான். கூட்டத்தில் ஒருவரும் திருத்தவில்லை.

மருத்துவர் இரண்டு மணிக்கு வந்தார். ஊசி போட்டு, கம்பியை வெட்டி, சிறுத்தையைத் தார்ப்பாயில் கிடத்தினார்கள். வெட்டியபோது வந்த நாற்றத்தில் இளம் அலுவலர் ஒருவர் விலகிப் போனார். மருத்துவர் காயத்துக்குள் விரலை விட்டுப் பார்த்தார். சிறுநீரகங்கள் போய்விட்டன, ஓர் இரவு அல்ல, இரண்டு இரவுகள் கிடந்திருக்க வேண்டும் என்றார். அப்படியென்றால் அது வியாழனிரவே மாட்டியிருக்கிறது. வெள்ளி மாலை அக்கா கம்பி எடுக்க வந்திருந்தாலும் சிறுத்தை அங்கேதான் கிடந்திருக்கும். நாய் சொல்லியிருந்தாலும் சொல்லாவிட்டாலும். இதைக் கணக்குப் பார்த்தது நான். வழிகாட்டிக்கு அதைச் சொல்ல அப்போது வாய்ப்பில்லை. அவரை ஜீப்பில் ஏற்றியிருந்தார்கள்.

சிறுத்தை மூன்றரைக்குச் செத்தது. தார்ப்பாயோடு தூக்கிக்கொண்டு போனார்கள். கம்பியையும் காசையும் தனித்தனியாக வெள்ளை உறைகளில் போட்டு மேலே எழுதினார்கள். இத்தாலியர்களை நான் பங்களாவுக்குத் திரும்பக் கூட்டிப் போனேன். வழி முழுவதும் பறவைகள் கத்தின. நான் எதையும் காட்டவில்லை. அவர்களும் கேட்கவில்லை. பங்களா வாசலில் கணவர் என்னிடம் பணம் நீட்டினார், வழிகாட்டியிடம் கொடுக்கச் சொன்னார். மனைவி அவருடைய கையைத் தட்டிவிட்டு உள்ளே போனார். பணம் என் கையில் இருந்தது. அதை அன்று மாலையே அக்காவிடம் கொடுத்தேன். அவர் வாங்கி, எண்ணாமல், மாடத்தில் வைத்தார். பால்மா டின் அங்கே இல்லை. எங்கே என்று நான் கேட்கவில்லை.

வழிகாட்டிக்குப் பிணை மறுக்கப்பட்டது. வழக்கு பல மாதங்கள் நடந்து, தண்டனையை அவர் அனுபவித்து முடித்துவிட்டார். அக்கா எல்லா ஞாயிறும் பதுளைச் சிறைச்சாலைக்கு வந்தார். சோற்றை எங்கள் கடை அடுக்குச் சட்டியில் கட்டி வருவார். ஒரு தடவை நானும் கூடப் போனேன். இரும்பு வலைக்கு இரண்டு பக்கமும் நின்று அவர்கள் மரவள்ளி பற்றியும் கூரை ஒழுகுவது பற்றியும் சத்தமாகப் பேசினார்கள். பக்கத்தில் எல்லோரும் சத்தமாகப் பேசுவதால் அங்கே அப்படித்தான் பேச முடியும். மருத்துவர் சொன்னதை அன்று அவரிடம் சொன்னேன். கேட்டார். "அப்ப நான் சொல்லியிருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காது" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அவகிட்ட சொல்லாதீங்க. அவ வாறது நின்னுரும்" என்றார். சிரித்தாரா என்று வலை வழியாகச் சரியாகத் தெரியவில்லை. நான் சொல்லவில்லை.

விடுதி இப்போது எல்ல என்ற ஊர்ப் பக்கத்திலிருந்து வேறு வழிகாட்டியை வைத்திருக்கிறது. அவர் ஆட்களைக் கீழே கூட்டிப் போவதில்லை. அறிவிப்பில் காசு பற்றிய வரி இன்னும் இருக்கிறது. கீழ் லயத்தில் அந்தச் சனிக்கிழமையோடு எல்லோரும் கம்பியை எடுத்துவிட்டார்கள்.

அடுத்து வந்த செவ்வாய் இரவு பன்றிகள் வந்து தூண்களுக்குப் பக்கத்துத் துண்டு முழுவதையும் தோண்டிவிட்டுப் போயின.